ஏரிக்கரை வீடு – குடும்பக் குழு

கஜன்: எல்லோருக்கும் வணக்கம். விக்டோரியா நாள் விடுமுறைக்கு அனைவரும் சிம்கோ ஏரிக் கொட்டேஜுக்கு வருவதாக முடிவாகியிருப்பதால், ஜெட் ஸ்கீயைத் தண்ணீரில் இறக்குவதற்கு முன் ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. கராஜில் டிசி-டபிள்யூ3 என்று எழுதிய வெறுமையான ஒயில் கலன் ஒன்று கிடக்கிறது. அதிலிருந்ததை ஜெட் ஸ்கீயின் ஒயில் தாங்கிக்குள் ஊற்றியது யார்?

சுபா அக்கா: நான் இல்லை.

நிரூபன்: எது நடந்தாலும் முதலில் என்னைப் பார்ப்பது இந்தக் குடும்பத்தின் வழக்கம் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நானும் இல்லை.

சின்ன மாமா: நான்தான் ஊற்றினேன். தாங்கி பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது, கண்டும் காணாமல் போக மனம் வரவில்லை. அது நல்ல கடல் எஞ்சின் ஒயில். மயிலிட்டியில் அப்புவின் வள்ளத்து எஞ்சினுக்குப் பெற்றோலோடு ஒயில் கலந்த கை இது என்பதைச் சில எஞ்சினியர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன்.

பெரியம்மா: காருக்கு வருடத்தில் இரண்டு முறை ஒயில் மாற்றுகிறோம். இதற்கும் மாற்றிவிட்டால் முடிந்தது, ஏன் இவ்வளவு விசாரணை?

கஜன்: பெரியம்மா, காரில் ஒரே ஒயில் எஞ்சினின் அடியில் தங்கிச் சுற்றிச் சுற்றி வருகிறது, அது அழுக்கானதும் வடித்துவிட்டுப் புதிதை ஊற்றுகிறோம். நம்முடைய ஜெட் ஸ்கீயான இந்த 1997ஆம் ஆண்டு சீ-டூ ஜிடிஎக்ஸில் இருப்பது ரோட்டக்ஸ் 787 என்ற இரண்டு வீச்சு (டூ-ஸ்ட்ரோக்) எஞ்சின். அதில் தனித் தாங்கியிலிருந்து ஒரு சிறிய பம்ப் ஒயிலை மெல்லிய குழாய்கள் வழியாக எஞ்சினுக்குள் செலுத்த, அது பெற்றோலோடு சேர்ந்து எரிந்து புகையாகப் போய்விடுகிறது. ஆகவே இந்த எஞ்சினுக்கு ஒயில் மாற்றுவது என்ற வழக்கமான வேலையே கிடையாது, குறையக் குறைய ஊற்றினால் போதும். தாங்கிக்குள் தவறான ஒயில் போனால்தான் வடிக்க வேண்டி வரும்.

சின்ன மாமா: தவறான ஒயில் என்று யார் தீர்ப்பளித்தது?

கஜன்: மாமா, உங்கள் கையில் குறையில்லை. டிசி-டபிள்யூ3 வெளியே மாட்டும் படகு எஞ்சின்களுக்கென்று செய்யப்பட்ட, சாம்பல் விடாத ஒயில். குளிர்ந்த தண்ணீர் ஓயாமல் சுற்றிவருவதால் அந்த எஞ்சின்கள் அதிகம் சூடாவதில்லை. நம்முடையதோ நிமிடத்துக்கு 6,000 சுற்றுக்கு மேல் போகிறது, அதைச் செய்தவர்கள் கேட்பது அதிக வெப்பத்தைத் தாங்கும் ஏபிஐ-டிசி வகையை. வள்ளத்தில் நீங்கள் பெற்றோலோடு கலந்தே ஊற்றினீர்கள், அங்கே அடைபடுவதற்குத் தனிக் குழாய் இருக்கவில்லை. இங்கே இரண்டு வகையின் சேர்மானங்களும் ஒத்துப்போகாமல் கட்டியானால், தாங்கிக்குக் கீழேயுள்ள சிறிய வடிகட்டியும் அந்த மெல்லிய குழாய்களும்தான் முதலில் அடைபடும். பிறகு ஒயில் கிடைக்காமல் பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகும்வரை நமக்கு ஒன்றும் தெரியாது.

சுபா அக்கா: பிஸ்டன் இறுகுவது நமக்குப் புதிதல்ல.

நிரூபன்: இதோ தொடங்கிவிட்டது. ஒயில் குழாயைக் கழற்றி மாட்டினால் உள்ளே சிக்கிய காற்றை எடுக்க வேண்டும் என்று அப்போது எனக்கு ஒருவரும் சொல்லவில்லை, அதற்கான பணத்தில் என் பங்கையும் நான் கொடுத்துவிட்டேன்.

சுபா அக்கா: பாதிப் பங்கு.

சின்ன மாமா: வாக்குவாதம் வேண்டாம். இரண்டு ஒயிலையும் சமமாக ஒரு ஜாம் போத்தலில் கலந்து, இன்று இரவு கராஜில் வைக்கிறேன். காலையில் கட்டியிருந்தால் நானே வடிக்கிறேன்.

சின்ன மாமா: காலை வணக்கம். போத்தல் தேன் மாதிரித் தெளிவாக இருக்கிறது, படம் அனுப்பியிருக்கிறேன். தீர்ப்பை மறுபரிசீலனை செய்யலாம்.

பெரியம்மா: அது என் எலுமிச்சை ஊறுகாய்ப் போத்தல்.

கஜன்: பரிசோதனைக்கு நன்றி, மாமா. கட்டியாகவில்லை என்பதை மட்டுமே அது காட்டுகிறது, சூட்டில் அந்த ஒயில் எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் போத்தல் சொல்லாது. நான் வடிக்கவே விரும்புகிறேன், அதையும் இரண்டு கட்டமாகச் செய்யலாம். முதலில் இருக்கையைத் தூக்கிவிட்டு, கைப் பம்ப்பின் குழாயைத் தாங்கியின் வாய்க்குள் அடிவரை விட்டு உறிஞ்சினால், அடியில் ஒரு சொட்டும் சிந்தாமல் பெரும்பகுதி வந்துவிடும். மிச்சம் வடிகட்டியிலும், பம்ப்புக்குப் போகும் குழாயிலும், எஞ்சினின் நடுவே சுழல் வால்வின் பற்சக்கரங்கள் ஒயிலில் மூழ்கியிருக்கும் அறையிலும் நிற்கும். அந்த அறைக்குத் தாங்கியிலிருந்து தடித்த குழாய் ஒன்று இறங்குகிறது, இன்னொன்று திரும்பி ஏறுகிறது. கீழ்க் குழாயைக் கழற்றினால் அறை வடியும், ஆனால் திரும்ப நிரப்பும்போது மேலே ஏறும் குழாயில் ஒயில் தெரியும்வரை காத்திருக்க வேண்டும். ஒயில் இல்லாமல் சுழன்றால் பற்சக்கரம் போய்விடும், அதன்பின் எஞ்சினையே பிரிக்க வேண்டியதுதான்.

சுபா அக்கா: கஜன், நான் இரண்டாவது வரியோடு நிறுத்திவிட்டேன். சனிக்கிழமை ஓடுமா, ஓடாதா?

கஜன்: ஓடும், ஆனால் காற்றெடுப்பதில் அவசரப்படக்கூடாது. புதிய வடிகட்டியும் புதிய கிளிப்புகளும் மாட்டி ஒயில் ஊற்றியபின், பம்ப்பில் உள்ள காற்றுத் திருகைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் ஒயில் வரும்வரை விட வேண்டும். பிறகு எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, பம்ப்பின் நெம்புகோலை முழுதாகத் திறந்து பிடித்தால், தெளிந்த குழாய்களுக்குள் குமிழிகள் நகர்ந்து போவது கண்ணுக்குத் தெரியும். அந்த நேரத்தில் எஞ்சின் காய்ந்துவிடாதிருக்க 20 லீற்றர் பெற்றோலுக்கு 400 மில்லிலீற்றர் ஒயில் கலந்து வைக்க வேண்டும், அதாவது மாமா வள்ளத்தில் செய்ததையே முதல் தாங்கிப் பெற்றோலுக்கு நாமும் செய்கிறோம்.

சின்ன மாமா: கடைசியில் மயிலிட்டி முறைக்கே வந்துவிட்டீர்கள்.

நிரூபன்: இரண்டு பக்கத்திலிருந்தும் ஒயில் போனால் புகை கிளம்பித் தீப்பொறி பிளக் நனையும். பிஆர்8இஎஸ் பிளக்குகள் நான்கு என்னிடம் இருக்கின்றன, கொண்டுவருகிறேன். கரையில் எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர்க் குழாயைக் கொடுக்கும் முறையை மட்டும் மறந்துவிடாதீர்கள்: முதலில் எஞ்சினை இயக்கிவிட்டுத் தண்ணீரைத் திறக்க வேண்டும், நிறுத்தும்போது முதலில் தண்ணீரை மூட வேண்டும். மாறிச் செய்தால் தண்ணீர் சிலிண்டருக்குள் ஏறும்.

சுபா அக்கா: இதையெல்லாம் கற்றுக்கொள்ள ஒரு பிஸ்டன் செலவானது.

கஜன்: இருக்கை திறந்திருக்கும்போதே சாம்பல் நிறப் பெற்றோல் குழாய்கள் இன்னும் இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். தொண்ணூறுகளில் வந்த அந்தக் குழாய்கள் உள்ளே பச்சைப் பசையாகக் கரைந்து காபரேட்டரின் வடிகட்டியை அடைக்கின்றன.

நிரூபன்: அதை நான் மாற்றிவிட்டேன். ஒருவரும் கவனிக்கவில்லை.

பெரியம்மா: ஒயில் ஏரியில் விழக்கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் போன வருடமே முறைத்தார்.

கஜன்: கரையில் டிரெய்லரில் வைத்தே செய்வோம், அடியில் ஒயில் உறிஞ்சும் விரிப்பு போடுவோம். வடித்ததைக் கலனில் மூடி ஸ்காபரோவில் நகரசபையின் கழிவு மையத்தில் கொடுக்கலாம்.

சின்ன மாமா: அதைக் குப்பை என்று கொடுக்க நான் சம்மதிக்கவில்லை. என் புல்வெட்டிக்கு அது போதும்.

சுபா அக்கா: மாமா, உங்கள் புல்வெட்டி நான்கு வீச்சு எஞ்சின்.

சின்ன மாமா: வெள்ளிக்கிழமை மதியம் என் கைப் பம்ப்போடு வருகிறேன். தாங்கியை உறிஞ்சுவது வரை செய்வோம், அந்த அறையைத் திறப்பதா என்பதை ஒயிலைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

கஜன்: அறையையும் திறப்பதாகவே நான் நினைத்திருந்தேன்.

சின்ன மாமா: பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

பெரியம்மா: ஆரியன் இந்த முறை தானே ஓட்டப்போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

சுபா அக்கா: அவனுக்கு இன்னும் 16 ஆகவில்லை. கனடாச் சட்டப்படி கைபிடி பிடிக்க முடியாது, பின்னால் உட்காரட்டும்.

நிரூபன்: புதிய ஒயிலுக்கும் வடிகட்டிக்கும் யார் பணம் கொடுப்பது என்பதை ஒருவரும் சொல்லவில்லை.

நிரூபன்: எல்லோரும் வாசித்துவிட்டதாக நீலக் குறி காட்டுகிறது.