தண்ணீர் கெட்டுப்போனால் மீன் தொட்டியை எப்படிக் காப்பாற்றுவது? மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தை (இன்றைய பெஸ்தாரி ஜெயா) அனுபவங்கள்

மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது என்று யாராவது கேட்டால் போதும், பாதித் தண்ணீரை மாற்றுங்கள் என்று உடனே பத்துப் பேர் பதில் சொல்லிவிடுகிறார்கள். பல நேரம் அது சரிதான். ஆனால் நம் ஊரில் முதலில் பார்க்க வேண்டியது, விஷம் தொட்டிக்குள்ளேயே உண்டானதா, வெளியிலிருந்து வந்ததா என்பதைத்தான். குழாய்த் தண்ணீரே சரியில்லாதபோது அதையே பிடித்து ஊற்றினால் பிழைக்க வேண்டிய மீனும் போய்விடும்.

சிலாங்கூர் ஆற்றிலிருந்து தண்ணீர் எடுக்கும் பெரிய சுத்திகரிப்பு நிலையங்கள் நம் ஊர்ப் பக்கம்தான் இருக்கின்றன. ஆற்றின் மேல்பக்கத்தில் எதையாவது கொட்டினால் அது இங்கே வந்துதான் தெரியும். 2020 செப்டம்பரில் ரவாங் பக்கம் சுங்கை கோங்கில் கலந்த கழிவின் நாற்றத்தால் நான்கு நிலையங்களை மூடியதும், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீட்டுக் கணக்குகளுக்குத் தண்ணீர் நின்றதும் யாருக்கும் மறந்திருக்காது. அந்தச் சமயம் நான் தொட்டியில் கையே வைக்கவில்லை. தீனியை நிறுத்தினேன், காற்று பம்ப்பை மட்டும் ஓடவிட்டேன், அவ்வளவுதான். வளர்ந்த மீன் ஒரு வாரம் தீனி இல்லாமல் தாராளமாக இருக்கும். தீனி குறைந்தால் கழிவு குறையும், கழிவு குறைந்தால் அதிலிருந்து உண்டாகும் அம்மோனியா என்ற விஷம் ஏறாது.

தண்ணீர் நின்றிருக்கும் நேரத்தைவிடத் திரும்பி வரும் நேரத்தில்தான் எனக்குப் பயம் அதிகம். குழாய் வாயில் வெள்ளைத் துணியைக் கட்டித் திறந்தேன், கொஞ்ச நேரத்தில் துணி முழுக்கச் செம்பழுப்பாகிவிட்டது, விரலால் தேய்த்தால் நரநரவென்று துரு. அது தெளிந்த பிறகு குளோரின் வாடை மூக்கில் ஏறியது. குடிநீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் வரை குளோரின் இருந்தால் மனிதனுக்குத் தீங்கில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். மீனுக்கோ 0.1 மில்லிகிராமே செவுளை அரிக்கப் போதும். அதனால் தண்ணீர் வந்ததும் கூரைத் தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் வால்வை மூடிவிட்டு, வெளிக்குழாயை நன்றாக ஓடவிட்டு, பிறகுதான் பீப்பாயில் பிடிப்பேன். வெறும் குளோரின் என்றால் ஒரு நாள் காற்று விட்டாலே போய்விடும். குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோராமினாக இருந்தால் போகாது, மருந்து போட்டே ஆகவேண்டும். கடையில் விற்கும் ஆன்டி குளோரின் பெரும்பாலும் சோடியம் தையோசல்பேட்தான். குளோராமினை அது உடைக்கும், ஆனால் அதிலிருந்த அம்மோனியா தண்ணீரிலேயே தங்கிவிடும் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ரசாயன நாற்றமடிக்கும் தண்ணீருக்கு ஆன்டி குளோரின் எந்த வேலையும் செய்யாது. அதைத் தொட்டிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

இன்னொன்று, அந்த வாரத்தில் பில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிடித்துக் கழுவவே வேண்டாம். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அப்புறம் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா பெரும்பாலும் அதில்தான் குடியிருக்கிறது. குளோரின் பட்டால் அதுவும் சாகும். புதிதாக வளர நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும்.

உங்களுக்கு நேர்ந்ததையும் எழுதுங்கள்.

லயத்து வீட்டு அக்கா:

அண்ணே, எங்களுக்குக் குழாயிலிருந்து வரவில்லை, காற்றிலிருந்து வந்தது. டிங்கிக் கொசுவுக்குப் புகை அடிக்க வந்தார்கள், முன்கூட்டி யாரும் சொல்லவில்லை. தொட்டி முன்னறையில், காற்று பம்ப் ஜன்னலோரம். வெளியே புகை மூட்டமாக நிற்க, பம்ப் அதையே இழுத்து இழுத்துத் தண்ணீருக்குள் விட்டிருக்கிறது. முதலில் மகனின் சின்ன இறால்கள் மல்லாந்தன. பிறகு கப்பி மீன்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து சுழல ஆரம்பித்தன, நேராக நீந்தவே முடியவில்லை. தண்ணீர் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம், விளக்கு வெளிச்சத்தில் ஊதாவும் பச்சையுமாக மின்னியது. மருந்தை டீசலில் கலந்து அடிப்பதும் உண்டு, அதனால்தான் அந்தப் படலம்.

புகையில் கலக்கும் பைரித்ராய்டு வகை மருந்து நமக்கு அவ்வளவு ஆபத்தில்லை என்றாலும் மீனுக்கும் இறாலுக்கும் கடும் விஷம். இங்கே தண்ணீர் மாற்றியதுதான் கைகொடுத்தது, ஏனென்றால் பீப்பாயில் பிடித்து மூடி வைத்திருந்த தண்ணீரில் மருந்து படவில்லை. செய்தித்தாளைத் தண்ணீர் மேல் விரித்து விரித்து எடுத்துப் படலத்தை நீக்கினேன், பாதித் தண்ணீரை மாற்றினேன், புதிய கரியைப் பில்டரில் போட்டேன். அது ஆக்டிவேட்டட் கார்பன், அடுப்புக்கரி இல்லை. கப்பியில் சில பிழைத்தன. இறால் ஒன்றுகூட மிஞ்சவில்லை, மகன் அன்று சாப்பிடவே இல்லை.

இப்போதெல்லாம் வண்டிச் சத்தம் கேட்டாலே பம்ப்பை அணைத்து, தொட்டியைப் பிளாஸ்டிக் விரிப்பால் சுற்றி மூடிவிடுகிறேன். புகை கலைந்து, வீட்டுக்குள் காற்றாடி ஓடி, வாடை போன பிறகுதான் பம்ப்பைப் போடுவேன். மீன் அதிகமாக இருந்தால் ரொம்ப நேரம் மூடி வைக்க முடியாது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய மீன்காரர்:

தம்பி எழுதியதும் தங்கச்சி எழுதியதும் சரி. நான் பார்த்தது இன்னொரு வகை, அதில் புதுத் தண்ணீரில் ஒரு குறையும் இல்லை.

எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஒருவர் மழைத் தண்ணீரிலேயே பிளவர்ஹார்ன் மீன் வளர்த்தார். ஆவியாகிக் குறைந்ததை நிரப்புவாரே தவிரத் தண்ணீரை மாற்றுவதில்லை, ஆனாலும் மீன் கொழுகொழு என்று இருந்தது. யாரோ சொன்னார்கள் என்று ஒரு நாள் முக்கால் தொட்டியைக் குழாய்த் தண்ணீரால் மாற்றினார், குளோரின் எல்லாம் போக்கித்தான் ஊற்றினார். இரவுக்குள் மீன் செவுள் சிவந்து செத்துவிட்டது. தண்ணீர்க்காரர்கள் விஷம் விட்டுவிட்டார்கள் என்று அவர் திட்டினார். நான் மிச்சத் தண்ணீரைச் சோதித்துப் பார்த்தேன்.

மழைத் தண்ணீரில் அமிலத்தைத் தாங்கும் உப்பு கிடையாது. மீன் கழிவால் பிஎச் (தண்ணீரின் அமில அளவு, எண் குறைந்தால் அமிலம் அதிகம்) மெல்ல மெல்ல 6க்குக் கீழே இறங்கும், அங்கே பாக்டீரியா சோம்பிப்போகும், அம்மோனியா சேர்ந்துகொண்டே போகும். ஆனால் அமிலத் தண்ணீரில் அது அம்மோனியம் என்ற தீங்கு குறைந்த வடிவில் இருப்பதால் மீனுக்குத் தெரியாது. நம் ஊர்ச் சூட்டில், 28 டிகிரித் தண்ணீரில், பிஎச் 7 என்றால் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் விஷ வடிவம். பிஎச் 8 என்றால் ஆறு பங்குக்கும் மேல். அவர் ஊற்றிய நல்ல தண்ணீர் பிஎச்சைத் திடீரென்று ஏற்றியதில் அத்தனை நாள் தூங்கிக்கொண்டிருந்த விஷம் எழுந்துவிட்டது. இப்படிப்பட்ட பழைய தொட்டியில் தினம் ஒரு வாளி, ஒரு வாளியாகத்தான் மாற்ற வேண்டும். பில்டரில் ஒரு கைப்பிடி உடைந்த பவளக்கல் போட்டு வைத்தால் பிஎச் இந்த அளவுக்கு விழாது.

பழைய வெள்ளீயச் சுரங்கக் குட்டைத் தண்ணீர் தெளிவாக இருக்கிறதே என்று சிலர் எடுத்து வருகிறார்கள். அதில் என்ன உலோகம் கரைந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. வேண்டாம்.

சண்டை மீன் தம்பி:

அண்ணே, என்னிடம் சோதிக்கிற கிட் எதுவும் இல்லை. ராத்திரி எழுந்து பார்க்கிறேன், மீன் மேலே வந்து மூச்சு வாங்குகிறது. என்ன விஷம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் எழுதியவர்:

தம்பி, சண்டை மீன் நல்ல நாளிலேயே மேலே வந்து காற்றைக் குடிக்கும், அதை மட்டும் வைத்துப் பயப்படாதே. துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மேலேயே கிடந்தால்தான் கவலை. செவுளைப் பார், சிவந்து வீங்கியிருந்தால் அம்மோனியாவோ குளோரினோ. செவுள் காப்பி நிறமாக இருந்தால் நைட்ரைட், அதற்குத் தண்ணீரில் கொஞ்சம் கல்லுப்பு கலந்தால் உதவும். சுழன்று சுழன்று விழுந்தால் அக்கா சொன்ன பூச்சிமருந்தைச் சந்தேகப்படு. எதுவாக இருந்தாலும் முதலில் காற்றைக் கூட்டு, தீனியை நிறுத்து. பத்திரமான தண்ணீர் ஒரு பீப்பாய் எப்போதும் மூடி வைத்திரு, ராத்திரி எழுந்து குழாயைத் திறக்கும்படி ஆகக்கூடாது. அம்மோனியாவுக்கு மட்டும் சொட்டு மருந்து கிட் ஒன்று வாங்கிவிடு, மற்றதெல்லாம் பிறகு பார்க்கலாம். தொட்டி எத்தனை லிட்டர், கடைசியாக எப்போது தண்ணீர் மாற்றினாய் என்று எழுது.