எம்ஓடி வரலாற்றில் நடுவே ஒரு வருஷம் 17,640 மைல்: இந்த யாரிஸை வாங்கலாமா?

லீட்ஸ்காரன்:
வணக்கம். 2015 டொயோட்டா யாரிஸ் 1.33 பெட்ரோல், 15 பிளேட் (நம்பர் பிளேட்ல 15, அதாவது 2015-ல பதிவானது). டீலர் இல்ல, வீட்டு ஆளே விக்கிறார், 5,800 பவுண்ட் கேக்கிறார். பிரிட்டன் அரசு தளத்துல நம்பர் போட்டதும் வந்த எம்ஓடி (வருஷா வருஷம் நடக்கிற கட்டாய வண்டிப் பரிசோதனை) விவரம் இது:

2018 ஜூன்: 31,204 மைல், பாஸ்
2019 ஜூன்: 42,870, பாஸ்
2020 டிசம்பர்: 55,310, பாஸ்
2021 டிசம்பர்: 63,940, பாஸ். அட்வைசரி (ஃபெயில் ஆக்காத எச்சரிக்கைக் குறிப்பு): இடப்பக்க முன் டயர் உள் ஓரம் தேய்மானம்
2022 டிசம்பர்: 17,640, பாஸ். அட்வைசரி: அதே டயர், இடப்பக்க முன் சஸ்பென்ஷன் ஆர்ம் புஷ் (சக்கரத்தைப் பிடிக்கிற கையோட ரப்பர் மூட்டு) தேய்மானம்
2023 டிசம்பர்: 77,020, முன் காயில் ஸ்பிரிங் உடைஞ்சு ஃபெயில், அன்னிக்கே பாஸ். அட்வைசரி: அதே டயர், பின் பிரேக் பைப் துரு, கிரீஸ் பூசியிருக்கு
2024 டிசம்பர்: 82,480, பாஸ். அட்வைசரி எதுவும் இல்ல

மீட்டரைத் திருப்பியிருக்காங்களா? 2019-க்கும் 2020-க்கும் நடுவுல ஒன்றரை வருஷம் ஏன் இடைவெளி? கடைசி எம்ஓடி சுத்தமா இருக்கே, அத நம்பலாமா?

மைல்கல்:
17,640 டைப்பிங் பிழை. 71,640-ல முதல் ரெண்டு எண் இடம் மாறியிருக்கு. 71,640-ன்னு வெச்சுப் பாருங்க: அந்த வருஷம் 7,700 மைல், அடுத்த வருஷம் 5,380. முன்ன பின்ன இருக்கிற கணக்கோட ஒத்துப்போகுது. 17,640 நிஜம்னா அடுத்த ஒரே வருஷத்துல 59,380 மைல் ஓடியிருக்கணும். ஒரு எண் மட்டும் விலகி, அடுத்த வருஷம் பழைய வரிசைக்கே வந்துட்டா எழுதினவர் தப்பு. கீழ இறங்கி, இறங்கின இடத்துலேர்ந்தே மறுபடி ஏறிக்கிட்டுப் போனா மீட்டர்ல கை வெச்சிருக்காங்க.

ஆனா இத அப்படியே விட்டுடாதீங்க. நாளைக்கு நீங்க விக்கும்போது வாங்க வர்றவரும் இதே கேள்விதான் கேப்பார். டெஸ்ட் முடிஞ்சு 28 நாளுக்குள்ளன்னா அந்த எம்ஓடி சென்டரே திருத்தும். அது தாண்டினதால இப்ப எம்ஓடியை மேற்பார்க்கிற அரசு அமைப்பான டிவிஎஸ்ஏ-க்குத்தான் எழுதணும், அன்னிக்குத் தேதி போட்ட பில்லோ, எமிஷன் பிரிண்ட் அவுட்டோ வேணும். அந்தக் காகிதம் விக்கிறவர்கிட்ட இருந்தா கேட்டு வாங்கிக்கோங்க.

2020 இடைவெளியில தப்பே இல்ல. அந்த வருஷம் மார்ச் 30-லேர்ந்து ஜூலை 31-க்குள்ள எம்ஓடி முடிய இருந்த கார்களுக்கு கொரோனாவால ஆறு மாசம் தானாவே நீட்டிச்சாங்க. ஜூன் டிசம்பர் ஆனது அதனாலதான்.

இன்னொண்ணு. புதுக் காருக்கு முதல் மூணு வருஷம் எம்ஓடியே கிடையாது, அந்தக் காலத்துக்கு இந்தத் தளத்துல ஒரு பதிவும் இருக்காது. லீஸ்ல நல்லா ஓடின காரோட மீட்டரை முதல் எம்ஓடிக்கு முன்னாடியே திருப்பிட்டா இங்க தெரியவே தெரியாது. உங்க கார்ல முதல் மூணு வருஷத்துக்கு 31,204, நாலாவது வருஷம் 11,666. சீரா இருக்கு. இருந்தாலும் சர்வீஸ் புக்ல முதல் ரெண்டு ஸ்டாம்புல என்ன மைல் எழுதியிருக்குன்னு பாருங்க.

ஈஸ்ட்ஹாம் கராஜ்:
தம்பி, மைல் கணக்கு சரி. இந்தக் காரிலை என்னை யோசிக்க வைக்கிறது அந்த ரயர்தான். ஒரே ரயர், ஒரே உள் ஓரம், மூண்டு வருசம் அடுத்தடுத்து. இடையிலை புது ரயர் போட்டிருந்தாலும் அதுவும் அதே மாதிரித் தேய்ஞ்சிருக்கு எண்டுதான் அர்த்தம். காரணம் 2022 அட்வைசரியிலேயே கிடக்கு: ஆர்ம் புஷ். ரப்பர் தளர்ந்தால் பிறேக் பிடிக்கேக்கை சில்லு பின்னுக்கு நகர்ந்து கோணம் மாறும், உள் ஓரம் றோட்டிலை உரசும். புஷ்ஷை மாத்தாமல் அலைன்மென்ற் மட்டும் செய்தால் அது நிக்காது.

சட்டப்படி 1.6 மி.மீ. ஆழம் நடு முக்கால் பகுதிக்குத்தான் பாக்கிறது. உள் ஓரம் மொட்டையாய்ப் போனாலும் உள்ளுக்கு இருக்கிற கம்பி தெரியாட்டில் பாஸ் ஆகும். காரை நேரிலை பாக்கப் போகேக்கை, நிப்பாட்டி வைச்ச காரிலை ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி வைச்சு, ரயரின்ரை உள் ஓரத்தைக் கையாலை தடவிப் பாருங்கோ. வெளி ஓரத்துக்கும் உள் ஓரத்துக்கும் வித்தியாசம் கைக்குத் தெரிஞ்சால் வேலை இன்னும் முடியேல்லை.

பிறேக் பைப்: இங்கை பனிக்காலத்திலை றோட்டுக்கு உப்புப் போடுறதாலை இரும்புப் பைப் துருப்பிடிக்கும். டெஸ்றுக்கு முன்னம் கிறீஸ் பூசினால் துரு எவ்வளவு ஆழம் எண்டு சரியாய்த் தெரியாது, அதுதான் டெஸ்ற் செய்தவர் அதையும் சேர்த்து எழுதினவர். மாத்தியிருந்தால் பெரும்பாலும் செம்பு நிறத்திலை புதுப் பைப் தெரியும். கறுப்பாய்க் கிறீஸ்தான் தெரிஞ்சால் மாத்திற செலவை விலையிலை கழிக்கச் சொல்லுங்கோ.

ஸ்பிரிங் உடைஞ்ச பக்கம் மட்டும் மாத்தினவையோ, ரெண்டு பக்கமும் மாத்தினவையோ எண்டும் கேளுங்கோ. சோடியாய் மாத்திறதுதான் முறை.

லீட்ஸ்காரன்:
ரொம்ப நன்றி அண்ணா. அப்ப 2024-ல அட்வைசரி இல்லாதது நல்ல சேதி இல்லையா? எங்க டெஸ்ட் பண்ணாங்கன்னு பார்க்க வழி இருக்கா?

பச்சைச்சீட்டு:
நல்ல சேதியா இல்லையான்னு ரசீதுதான் சொல்லணும். 2023 டிசம்பருக்கும் 2024 டிசம்பருக்கும் நடுவுல புஷ், அலைன்மென்ட், பிரேக் பைப் மாத்தின பில் இருந்தா சந்தோஷமா நம்புங்க. பில் இல்லாம 2023-ல எழுதின அட்வைசரி எல்லாம் ஒரே வருஷத்துல காணாமப் போனா, டெஸ்டர் மேலோட்டமாப் பார்த்திருக்கார்னு வெச்சுக்கிட்டுப் பேசுங்க.

டெஸ்ட் நடந்த இடத்தையும் அதே தளம் காட்டும். அதுக்கு வி5சி லாக்புக்ல, அதாவது வண்டியோட பதிவுப் பத்திரத்துல, இருக்கிற 11 இலக்க எண் வேணும், அதனால விக்கிறவர் முன்னாடியே போட்டுப் பாருங்க. எப்பவும் ஒரே ஊர்ல டெஸ்ட் ஆன கார் கடைசித் தடவை மட்டும் எங்கேயோ தூரத்துல பாஸ் ஆகியிருந்தா ஏன்னு கேளுங்க.

சந்தேகம் தீரலைன்னா அவர் சம்மதத்தோட இன்னொரு எம்ஓடி எடுங்க, காருக்கு உச்ச கட்டணமே 54.85 பவுண்ட்தான். கவுன்சில் நடத்துற டெஸ்ட் ஸ்டேஷன் கிடைச்சா இன்னும் நல்லது, ரிப்பேர் வேலை பிடிக்கணும்ங்கற அவசியம் அவங்களுக்கு இல்ல. ஒரு எச்சரிக்கை: புது டெஸ்ட்ல ஆபத்தான பழுதுன்னு எழுதிட்டா, சரி பண்ணாம வண்டியை ரோட்டுல எடுக்க முடியாது. இதை விக்கிறவர்கிட்ட முதல்லயே சொல்லிடுங்க.

எம்ஓடியில எஞ்சின், கிளட்ச், கியர்பாக்ஸ் நிலைமையைப் பார்க்கிறதே கிடையாது. வண்டி குளிர்ந்திருக்கும்போதே முதல் ஸ்டார்ட் சத்தத்தைக் கேளுங்க. அவர் முன்கூட்டியே சூடாக்கி வெச்சிருந்தா இன்னொரு நாள் போங்க. கடன் பாக்கி, திருட்டு, விபத்துச் சேதத்தால இன்சூரன்ஸ்காரங்க கழிச்சுவிட்ட கேட்டகரி எஸ் (கட்டமைப்புச் சேதம்), கேட்டகரி என் (மத்த சேதம்) விவரமும் இங்க வராது. அதுக்குத் தனியாக் காசு கொடுத்து ஹிஸ்டரி செக் எடுக்கணும். லாக்புக்ல பேர் இருக்கிறதால மட்டும் கார் அவருக்குச் சொந்தம்னு ஆகாது, கடன் பாக்கி இருந்தா ஃபைனான்ஸ் கம்பெனி உங்ககிட்டேர்ந்து வண்டியைத் தூக்கிட்டுப் போகலாம். முன் கண்ணாடிக்கு அடியில இருக்கிற சேஸிஸ் நம்பரும் லாக்புக்ல இருக்கிறதும் ஒண்ணான்னும் பாருங்க.

வாங்கறதுன்னு முடிவானா, அவர் கட்டின ரோடு டாக்ஸ் உங்களுக்கு மாறாது. லாக்புக்லேர்ந்து பிரிச்சுக் கொடுக்கிற பச்சைச் சீட்டுல 12 இலக்க எண் இருக்கும். அதை வெச்சு அங்கேயே நின்னு ஆன்லைன்ல டாக்ஸ் கட்டி, இன்சூரன்ஸும் போட்டுட்டு வண்டியை எடுங்க.