48 வோல்ட் ஃபோர்க்லிஃப்ட் ராம்பில் நின்றுவிடுகிறது, கன்ட்ரோலர் லைட் சிமிட்டுகிறது

கோல்டுரூம்_மெக்கானிக்:
எங்கள் கோல்ட் ஸ்டோரேஜ் வண்டி, கர்ட்டிஸ் 1236 கன்ட்ரோலர் (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி). லோடோடு குளிர் அறையிலிருந்து வெளியே வந்து ராம்ப் ஏறும்போது திடீரென்று இழுவை போய்விடுகிறது, எவ்வளவு மிதித்தாலும் நகராது, சாவியை அணைத்துப் போட்டால் ஒன்றுமே நடக்காதது மாதிரி ஓடுகிறது. சிவப்பு லைட் ஒரு தடவை, மஞ்சள் 4 தடவை, அப்புறம் சிவப்பு 2 தடவை, மஞ்சள் 7 தடவை சிமிட்டுகிறது. ஃபுல் சார்ஜிலும் வருகிறது. பார்க்க வந்தவர் கன்ட்ரோலரையே மாற்றச் சொல்கிறார். அதற்கு முன் எதைப் பார்க்கலாம்?

பேட்டரிவண்டி:
தம்பி, கன்ட்ரோலரில் கை வைக்காதீர்கள். ஒற்றைச் சிவப்புக்கு அடுத்த மஞ்சள் முதல் இலக்கம், இரட்டைச் சிவப்புக்கு அடுத்தது இரண்டாம் இலக்கம், ஆக உங்கள் பிழைக் குறியீடு (கோடு) 47. சாவி, சீட் சுவிட்ச் (ஆள் உட்கார்ந்திருப்பதைக் காட்டுவது), முன்-பின் லீவர், ஆக்ஸிலரேட்டர் என்று வர வேண்டிய வரிசை மாறினால் வருவது. மிதித்தபடி ஏறும்போது சீட் சுவிட்ச் சற்று விட்டுச் சேர்ந்தாலே போதும், பெடல் ஏற்கெனவே கீழே இருப்பதால் டிரைவ் கொடுக்காது. ஆள் ஏறி உட்காரும்போதே வண்டி பாயக்கூடாது என்பதற்காக வைத்த பாதுகாப்பு அது. குளிரிலிருந்து வெளியே வந்ததும் வருகிறது என்றால் ஈரம்தான் என் சந்தேகம், சீட் கனெக்டர் பின்னில் களிம்பு ஏறியிருக்கிறதா பாருங்கள்.

லோடிங்பே:
அவசரத்துக்கு சீட் சுவிட்சை ஷார்ட் பண்ணி ஓட்டுங்கள், நிறைய இடத்தில் அப்படித்தான் ஓடுகிறது.

பேட்டரிவண்டி:
தயவுசெய்து வேண்டாம். டிரைவர் கீழே இறங்கி நின்று உள்ளே எட்டும்போது லீவரிலும் பெடலிலும் ஏதாவது பட்டால் வண்டி கிளம்பிவிடும், எதிரே நிற்பவர் கதி என்ன? டிரைவ் வீலைத் தரையிலிருந்து தூக்கி ஸ்டாண்டு கொடுத்து, கர்ட்டிஸின் 1313 ஹேண்ட்செட்டை (கன்ட்ரோலரின் நிலையைக் காட்டும் கைக்கருவி) மாட்டி, மானிட்டர் மெனுவில் இன்டர்லாக்கை (சீட் சுவிட்சிலிருந்து வரும் அனுமதி சிக்னல்) பார்த்தபடி சீட் ஒயரை அசைத்துக்கொண்டே வாருங்கள். ஆஃப் என்று மாறும் இடம்தான் கோளாறு. சீக்வென்சிங் டிலேயை (இன்டர்லாக் விட்டுச் சேரும்வரை கன்ட்ரோலர் பொறுக்கும் நேரம்) கூட்டினால் கோடு நின்றுவிடும், ஆனால் ஒயரைச் சரிசெய்யாமல் அதைத் தொடாதீர்கள்.

கோல்டுரூம்_மெக்கானிக்:
கிடைத்துவிட்டது அண்ணே. பின்னில் லேசான களிம்புதான், ஆனால் சீட் முன்பின் நகரும் ரெயிலுக்கு அடியில் ஒயர் நசுங்கி உள்ளே ஓரிரு இழைதான் மிச்சம், ஆள் பின்னால் சாய்ந்தாலே இன்டர்லாக் ஆஃப் காட்டுகிறது. புது ஒயரை ரெயிலுக்கு வெளியே இழுத்துக் கட்டி, ஈரம் புகாத ஐபி67 கனெக்டர் போட்டேன். இப்போது லோடோடு ஏறுகிறது.