பட்டியல் பாடமாக்கினால் ஆங்கிலம் வருமா?

வாவிக்கரை: தங்கச்சி ஓ/எல் (சாதாரண தரப்) பரீட்சை எழுதப் போகிறாள். டியூட்டரியில் ஆங்கில மரபுத்தொடர் பட்டியல் ஒன்றைக் கொடுத்துப் பாடமாக்கச் சொல்லியிருக்கிறார்கள். தரம் 3இலிருந்து ஆங்கிலம் படித்தவள், பாசிக்குடாவில் ஒரு வெள்ளைக்காரர் வழி கேட்டதும் எனக்குப் பின்னால் ஒளிகிறாள். இந்தப் பட்டியலால் பிரயோசனம் உண்டா?

பொத்துவிலான்: துளியும் இல்லை. சீசன் முழுக்க அறுகம்பேயில் கடையில் நிற்கிறேன். கொட்டுகிற மழைக்கு 'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டோக்ஸ்' என்று ஒருத்தர்கூட என்னிடம் சொன்னதில்லை. அவுஸ்திரேலியாக்காரர் வந்ததும் 'ஹவ் யூ கோயிங்?' என்பார். சுகம் விசாரிக்கிறார், அவ்வளவுதான். கடைக்குப் புதிதாக வந்த பொடியன் 'பை பஸ்' என்று பதில் சொன்னான். தேங்க்ஸ் சொன்னால் 'நோ வொரீஸ்', அதாவது பரவாயில்லை, என்பார்கள். பிள்ளைக்கு இவைதான் தேவை.

கல்முனை டீச்சர்: தம்பி, எல்லாரும் கடையில் நிற்கப் போவதில்லை. கம்பஸ் போகிற பிள்ளைக்கு வட்சப்பில் 'லெக்சர் புட் ஓஃப்' என்று வந்தால் பிற்போட்டிருக்கிறார்கள், 'கோல்ட் ஓஃப்' என்றால் இல்லவே இல்லை என்று விளங்க வேண்டும். குழப்பிக்கொண்டால் ஊருக்கு பஸ் ஏறிவிடும். மரபுத்தொடரையும் காரணத்தோடு சொல்லிக் கொடுத்தால் மறக்காது. 'ஸ்டிக்கி விக்கெட்' கிரிக்கெட்டில் பிறந்தது. அந்தக் காலத்தில் பிட்ச்சை மூடி வைக்க மாட்டார்கள். மழையில் நனைந்து வெயிலில் காயும்போது பந்து எப்படி எழும்பும் என்று துடுப்பாட்டக்காரருக்குப் பிடிபடாது. இக்கட்டான நிலைக்கு அந்தப் பேர் வந்தது அப்படித்தான். கிரிக்கெட் பார்க்கிற பிள்ளைக்கு இதைப் பாடமாக்கவே தேவையில்லை.

பொத்துவிலான்: டீச்சர், அதைத்தானே நானும் சொல்கிறேன்! பாடமாக்கத் தேவையில்லை என்று நீங்களே ஒத்துக்கொண்டீர்கள்.

கல்முனை டீச்சர்: கதையை மாற்றாதீர்கள். பட்டியல் வேண்டாம் என்றேனா? விளக்காமல் கொடுக்காதே என்றேன்.

ஏறாவூர் காக்கா: ரெண்டு பேரும் பட்டியலில் தொங்குகிறீர்கள். அந்தப் பிள்ளைக்கு சொல் இல்லாமலா ஒளிந்தது? 'கோ ஸ்ட்ரெய்ட், டேர்ன் லெஃப்ட்' எல்லாம் சின்ன வகுப்புப் பாடம். பிழையாகக் கதைத்தால் பகிடி பண்ணுவார்கள் என்ற பயம். முதலில் வீட்டில் நீங்கள் சிரிக்காமல் இருங்கள்.

வாவிக்கரை: சிரிக்கிறவன் நான்தான் காக்கா. சரி, ஆனால் பரீட்சை எழுத்தில்தானே? கதைக்கப் பழகினால் புள்ளி வருமா?

கல்முனை டீச்சர்: கட்டுரையில் வரும். கதைக்கிற பிள்ளைதான் தயங்காமல் வசனம் எழுதும். பட்டியலைக் கிழித்து எறிய வேண்டாம், தம்பி. அதில் ஐந்தை எடுத்து, ஒவ்வொன்றையும் வைத்து உங்கள் வீட்டில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்லச் சொல்லுங்கள்.

பொத்துவிலான்: அந்த ஐந்தில் பூனையும் நாயும் வேண்டாம்.