யிட்டிஷ் நாடகம்: உறுப்பினர்களின் அனுபவப் பகிர்வு

நியூ ஜெர்சியிலிருந்து

"ஃபிட்லர் ஆன் த ரூஃப்" இசை நாடகத்தை ஆங்கிலத்தில் முன்பே பார்த்திருந்தேன். 2018-இல் மன்ஹாட்டனின் தென்முனையிலுள்ள யூத மரபு அருங்காட்சியக அரங்கில் அதையே, கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் பேச்சுமொழியான யிட்டிஷில் பார்த்தபோதுதான், அதன் கதைமாந்தர்கள் இத்தனை காலமும் இரவல் மொழியில் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பது உறைத்தது. மூலக் கதைகள் ஷோலெம் அலைக்கெம் யிட்டிஷில் எழுதியவை. 1919-லேயே மாரிஸ் ஷ்வார்ட்ஸ் அக்கதைகளின் நாயகனான பால்காரன் தெவியெவை நியூயார்க்கின் யிட்டிஷ் மேடையில் ஏற்றிவிட்டார். நான் பார்த்த தயாரிப்பு, 1915 முதல் அதே நகரில் இயங்கிவரும் ஃபோக்ஸ்பீனே குழுவினுடையது. ஜோயல் கிரே இயக்கியிருந்தார். 1960-களில் இஸ்ரேலில் ஷ்ராகா ஃப்ரீட்மன் செய்த மொழிபெயர்ப்பைப் பயன்படுத்தியிருந்தார்கள். ஆங்கிலத்தில் "நான் பணக்காரனாக இருந்தால்" என்று தொடங்கும் பாட்டு, இதில் "நான் ரோத்ஸ்சைல்டாக இருந்தால்" என்று, பெரும் வங்கிக் குடும்பம் ஒன்றின் பெயரோடு மாறியிருந்தது. ஷோலெம் அலைக்கெம் எழுதிய தனியுரை ஒன்றின் தலைப்பே அதுதான்.

மேடையின் பின்புறம் பழுப்புக் காகிதத் திரைகள் தொங்கின. நடுத்திரையில் எபிரேய எழுத்தில் யூதத் திருமறையின் பெயரான "தோரா" என்ற சொல் மட்டும் இருந்தது. திருமணக் காட்சியில் யூதர்களைத் தாக்க வரும் கலகக்காரர்கள் புகுந்து அதைக் கிழித்தெறிகிறார்கள். இடைவேளை முடிந்து திரும்பினால் அது தையல் போடப்பட்டுத் தொங்குகிறது. நடிகர்களில் பலருக்கு யிட்டிஷ் தெரியாது, ஒலிப்பைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்தவர்கள். பார்வையாளர்களில் பெரும்பாலோர் இருபுறமும் ஓடிய ஆங்கில, ரஷ்ய வரிகளைப் படித்துப் புரிந்துகொண்டோம். என் பக்கத்து இருக்கைப் பெரியவர் மட்டும் வரிகள் வருமுன்னரே சிரித்தார். சில இடங்களில் உச்சரிப்பைக் கேட்டு முகம் சுளிக்கவும் செய்தார். இடைவேளையில் கேட்டபோது, தம் தாயார் வில்னாவை (இன்றைய லிதுவேனியாவின் வில்னியஸ்) சேர்ந்தவர் என்றும், வீட்டில் யாரும் இப்படிப் பேசியதில்லை என்றும் சற்றே கண்டிப்பான குரலில் சொன்னார்.

லண்டனிலிருந்து

அந்தப் பெரியவரின் முகச்சுளிப்புக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. தொழில்முறை யிட்டிஷ் மேடைக்கென நிலைபெற்ற உச்சரிப்பு, உக்ரைனின் வொலீனியா வட்டாரப் பேச்சை ஒட்டியது. வில்னாக்காரர்களின் காதுக்கு அது அயலாகத்தான் ஒலிக்கும். அவர்கள் தோராவைக்கூட "தெய்ரெ" என்பார்கள், மேடையில் ஒலிப்பதோ "தோய்ரெ". ஆயினும் தனக்கென ஒரு நாடு இல்லாத ஒரு மொழிக்கு, எல்லா ஊர்க்காரர்களும் கேட்டுப் பழகிய பொது உச்சரிப்பு ஒன்று கிடைத்தது என்றால் அதில் மேடைக்குப் பெரும் பங்கு உண்டு என்பது என் கருத்து.

நான் சேர்ந்திருக்கும் வாசிப்புக் குழுவில் சாலமன் எட்டிங்கரின் "செர்கெலெ" நாடகத்தைப் பாத்திரம் பிரித்துச் சத்தமாக வாசித்தோம். எட்டிங்கர் ஒரு மருத்துவர். யூதர்கள் நவீனக் கல்வி பெற வேண்டும் என்று வாதிட்ட அறிவொளி இயக்கத்தைச் சேர்ந்தவர். 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதிய இந்நாடகம் அவர் காலமான பிறகு 1861-இல்தான் அச்சேறியது. இதில் நல்லவர்களும் படித்தவர்களும் ஜெர்மன் சாயலில் திருத்தமாகப் பேசுகிறார்கள். வஞ்சகியான செர்கெலெயோ, பிறர் சொத்தை அபகரித்துக்கொண்டு, எதற்கெடுத்தாலும் "ஐயோ, என் உடம்பில் தெம்பில்லையே" என்று அங்கலாய்த்தபடி, கொச்சையும் வசையும் பழமொழியும் கலந்த பேச்சால் மேடையைத் தன் கைக்குள் வைத்துக்கொள்கிறாள். நல்லவர்களுக்கு வாசிக்க எங்கள் குழுவில் ஆள் கிடைக்கவில்லை. செர்கெலெ பாத்திரத்துக்கோ போட்டியே நடந்தது. எழுத்தாளர் எந்தப் பேச்சைக் குறையாகக் காட்ட நினைத்தாரோ, அந்தப் பேச்சில்தான் நாடகம் உயிரோடு இருக்கிறது.

1862-இல் ஷித்தோமிர் நகரின் மதகுருப் பயிற்சிப் பள்ளி மாணவர்கள் இந்நாடகத்தை நடித்தபோது செர்கெலெ வேடமிட்டவர் ஆபிரகாம் கோல்ட்ஃபாடன் என்ற இளைஞர். 1876-இல் ருமேனியாவின் யாஷ் நகரில், மது அருந்தும் தோட்டம் ஒன்றில், முதல் தொழில்முறை யிட்டிஷ் நாடகக் குழுவைத் தொடங்கியவரும் அவரே. அதற்கு முன்பும் பூரிம் பண்டிகை நாளில் வீடு வீடாகச் சென்று நடிக்கும் வழக்கம் இருந்தது. அந்த வகையில் 1697-ஆம் ஆண்டுப் பிரதி ஒன்று இன்றும் கிடைக்கிறது. ஆனால் ஆண்டு முழுவதும் கட்டணம் வாங்கி நடத்திய நாடகம் கோல்ட்ஃபாடனிடமிருந்துதான் தொடங்குகிறது. 1883-இல் ரஷ்யப் பேரரசு யிட்டிஷ் நாடகத்தைத் தடை செய்தது. சில குழுக்கள் "ஜெர்மன் நாடகம்" என்று பெயர் சூட்டிக்கொண்டு, மொழியையும் அதற்கேற்பத் திரித்துப் பேசி நடித்தன. பலர் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் கப்பலேறினார்கள். 1891-இல் நியூயார்க் வந்து சேர்ந்த யாக்கோப் கோர்டின், நடிகர்கள் நினைத்தபடி வசனம் சேர்ப்பதை எதிர்த்தார், மக்கள் பேசும் மொழியையே மேடையில் பேச வேண்டும் என்று வற்புறுத்தினார். அவருடைய "யூத லியர் அரசன்" 1892-இல் மேடையேறியது. வில்னாவின் செல்வந்தர் ஒருவர் பூரிம் விருந்தன்று மூன்று மகள்களுக்குச் சொத்தைப் பிரித்துக் கொடுப்பதில் தொடங்கும் அந்தக் கதையில் தலைமை வேடம் யாக்கோப் அட்லருடையது.

புக்கரெஸ்டிலிருந்து

இங்குள்ள அரசு யூத அரங்கில் வாயிலிலேயே காதில் மாட்டும் ஒலிக்கருவி தருகிறார்கள். மேடையில் யிட்டிஷ், காதில் ருமேனிய மொழிபெயர்ப்பு. நடிகர்களில் பலர் யூதர்கள் அல்லர், வேலைக்காக மொழியைக் கற்றவர்கள். நான் பாதியில் கருவியைக் கழற்றி வைத்துவிட்டேன். பொருள் முழுதும் பிடிபடவில்லை என்றாலும், யார் யாரை ஏய்க்கிறார் என்பது நன்றாகவே விளங்கியது.

மாஸ்கோவில் சில காலம் பணியாற்றிய உறுப்பினர்

யிட்டிஷ் இலக்கியத்தில் நாடகத்தின் இடம் எது என்பதற்கு நான் கண்ட தெளிவான விடை ஓர் ஓவியத்தில் இருக்கிறது. 1920-இல் மாஸ்கோ யூத அரங்குக்காக மார்க் ஷகால் வரைந்த பெருந்திரைகளை திரெத்யாக்கோவ் கலைக்கூடத்தில் பார்த்தேன். அந்த அரங்கில் ஏறத்தாழ 90 இருக்கைகளே இருந்தன. ஒரு சுவர் முழுவதையும் நிறைக்கும் ஓவியத்துக்கு எதிரே இசை, நடனம், நாடகம், இலக்கியம் என நான்கு ஓவியங்களை அவர் வரிசையாக அமைத்தார். இலக்கியம் என்பது தோராவைப் படியெடுக்கும் எழுத்தர். நாடகம் என்பதோ திருமண வீட்டில் எதுகை மோனையோடு பேசி மணப்பெண்ணை அழவும் விருந்தினரைச் சிரிக்கவும் வைக்கும் பத்கென் என்னும் கோமாளி. இருவருக்கும் ஏறத்தாழ ஒரே உயரம். யிட்டிஷ் நாடகத்தைப் பாமரக் கேளிக்கை என்று ஒதுக்கிய அறிவாளிகள் அன்று ஏராளம். மலிவான மெலோடிராமாக்கள் குவிந்ததால் அவர்கள் சொன்னதில் உண்மையும் இருந்தது. ஆனால் ஷகால் அந்த மேல்கீழ் வரிசையை ஏற்கவில்லை.

அந்த அரங்கு 1921 சனவரி 1 அன்று ஷோலெம் அலைக்கெமின் குறுநாடகங்களோடு தொடங்கியது. 1935-இல் அங்கே சாலமன் மிகோயெல்ஸ் ஷேக்ஸ்பியரின் லியர் அரசனாகவும் பெஞ்சமின் ஜூஸ்கின் விதூஷகனாகவும் நடித்தார்கள். மிகோயெல்ஸ் 1948 சனவரியில் மின்ஸ்கில் ஸ்டாலினின் ஆட்களால் கொல்லப்பட்டார். மறு ஆண்டே அரங்கு மூடப்பட்டது. ஜூஸ்கின் 1952 ஆகஸ்ட் 12 அன்று யிட்டிஷ் எழுத்தாளர்கள் சிலரோடு சுட்டுக் கொல்லப்பட்டார். கலைக்கூடத்து ஓவியத்தில் மிகோயெல்ஸின் உருவத்தைத் தேடிக் கண்டுபிடித்தேன். பின்னாளில் நிகழ்ந்ததை அறிந்துகொண்டு அதைப் பார்ப்பது எளிதாக இருக்கவில்லை.

டொராண்டோவிலிருந்து

அந்தப் பத்கென் "திப்புக்" நாடகத்தின் திருமணக் காட்சியிலும் வருகிறார். நான் முதலில் பார்த்தது 1937-இல் வார்சாவில் எடுக்கப்பட்ட திரைப்படத்தை. தந்தையர் இருவர் பிள்ளைகள் பிறக்குமுன்பே செய்த வாக்கு மீறப்பட, ஏமாற்றத்தில் இறந்துபோன மாணவன் கோனென், லியா என்ற மணப்பெண்ணின் உடலில் புகுந்து அவள் வாய் வழியே பேசுகிறான். மணநாள் விருந்தில் பிச்சைக்காரர்கள் அவளைக் கைமாற்றிக் கைமாற்றி ஆடும் ஆட்டம் நாள்கணக்கில் மனத்தில் நின்றது.

நாடகத்தின் ஆசிரியர் அன்-ஸ்கி இதைக் கற்பனையிலிருந்து மட்டும் எழுதவில்லை. 1912 முதல் 1914 வரை வொலீனியா, பொதோலியா ஊர்களுக்கு ஆய்வுக் குழுவுடன் சென்று கதை, பாட்டு, நம்பிக்கை எனத் திரட்டியவை நாடகமெங்கும் இழையோடுகின்றன. முதலில் ரஷ்ய மொழியில் எழுதினார், பிறகு யிட்டிஷில். கவிஞர் பியாலிக் எபிரேயத்தில் பெயர்த்தார். போர்க் குழப்பத்தில் யிட்டிஷ் பிரதி தொலைந்துவிட, எபிரேயத்திலிருந்து மீண்டும் யிட்டிஷில் எழுதினார் என்பார்கள். மேடையேற்றத்தைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1920 நவம்பர் 8 அன்று அவர் இறந்தார். முப்பது நாள் துக்கம் முடிந்ததும், டிசம்பர் 9 அன்று, வில்னா நாடகக் குழுவினர் வார்சாவில் அதை அரங்கேற்றினார்கள். திரைப்படத்தில் கவித்துவம் கூடுதல் என்றாலும், நாடகத்தைப் படிக்குமாறே பரிந்துரைப்பேன். கடைசி அங்கத்தில், இறந்துபோன தந்தை மதகுருவின் நீதிமன்றத்தில் வழக்காடும் காட்சிக்குத் திரை ஈடாகாது.

மீண்டும் நியூ ஜெர்சியிலிருந்து

ஷோலெம் ஆஷ் 1906-இல் எழுதிய "பழிவாங்கும் கடவுள்" நாடகத்தையும் இங்கே சேர்க்க வேண்டும். கீழ்த்தளத்தில் விபசார விடுதி நடத்தும் யெக்கெல், மேல்தளத்தில் வாழும் மகளின் தூய்மைக்குக் காவலாகத் தோராச் சுருள் ஒன்றை எழுதுவிக்கிறார். மகளோ விடுதிப் பெண் ஒருத்தியைக் காதலிக்கிறாள். யிட்டிஷ் எழுத்தாளர் பெரெட்ஸ் இதை எரித்துவிடச் சொன்னதாகச் சொல்வார்கள். நியூயார்க்கின் யிட்டிஷ் மேடையில் இது நடிக்கப்பட்டபோது பத்திரிகைகளில் சண்டை மூண்டது, வழக்கு எதுவும் வரவில்லை. 1923-இல் ஆங்கிலத்தில் பிராட்வேக்கு வந்ததும் நடிகர்களைக் கைது செய்து ஆபாசக் குற்றத்துக்குத் தண்டித்தார்கள். மேல்முறையீட்டில்தான் அது ரத்தானது. பிறர் காதில் விழாத வரை தங்களுக்குள் எதையும் பேசிக்கொள்ளலாம் என்றிருந்த பலர், அது ஆங்கிலத்துக்குப் போனதும் கலங்கினார்கள் என்றே நினைக்கிறேன். எதிர்த்தவர்களுள் யூத மதகுரு ஒருவரும் இருந்தார். டெல் அவிவில் 1987 முதல் இயங்கும் யிட்டிஷ்பீல் குழுவின் நாடகத்தைப் பார்த்தவர்கள் யாரேனும் இருந்தால், அங்கே பார்வையாளர்கள் எப்படி என்று எழுதுங்கள்.