முட்டித் தேய்மானத்துக்கு கரண்ட் வழியா மருந்து: நிஜமா உள்ளே போகுமா?

மாடிப்படி எதிரி:
அம்மாவுக்கு 64 வயசு, ரெண்டு முட்டியும் தேய்மானம். வலி மாத்திரை போட்டா வயிறு எரியுதுங்கிறாங்க. அதனால பிசியோதெரபிஸ்ட் 3 நாள் மருந்து ஜெல்லைத் தடவி, அல்ட்ராசவுண்ட் கருவியால முட்டியைச் சுத்தித் தேய்ச்சார். பக்கத்துல உட்கார்ந்து பார்த்தேன், சட்டைக்கு இஸ்திரி போடற மாதிரியே இருந்துச்சு. அடுத்து மருந்துல நனைச்ச பேடை ஒட்டி கரண்ட் வைக்கலாம்ங்கிறார். மூட்டு வரைக்கும் மருந்து போகுமா? அம்மாவுக்குச் சர்க்கரையும் உண்டு.

முட்டி வைத்தியன்:
நானும் பிசியோதான். உங்க அம்மாவுக்கு முதல்ல செஞ்சது ஃபோனோஃபோரெசிஸ், அதாவது அல்ட்ராசவுண்ட் அலையால மருந்தைத் தோலுக்குள்ள தள்ளறது. அதுல 1 மெகாஹெர்ட்ஸ் அலை ஆழமா போகும், 3 மெகாஹெர்ட்ஸ் மேலாகவே நின்னுடும். மருந்து தெளிவான ஜெல்லா இருக்கணும். கெட்டியான வெள்ளைக் களிம்பைத் தடவினா அலை பாதியிலேயே மடங்கிடும், தேய்ச்சதுதான் மிச்சம்.

அடுத்தது அயன்டோஃபோரெசிஸ், அதாவது கரண்டால மருந்தைத் தள்ளறது. ஒரே மாதிரி மின்னேற்றம் ஒண்ணை ஒண்ணு தள்ளும் இல்லையா, அதுதான் சூட்சுமம். டெக்ஸாமெத்தசோன் பாஸ்பேட்ங்கிற ஸ்டீராய்டு மருந்துக்கு எதிர்மின்னேற்றம், அதனால நெகட்டிவ் பேட் அடியில வைப்போம். மரத்துப்போக வைக்கிற லிடோகெய்னுக்கு பாசிட்டிவ். மாத்தி வெச்சா மருந்து பேடிலேயே தங்கிடும். 2 மில்லிஆம்பியர், 20 நிமிஷம், அவ்வளவுதான் கரண்ட்.

தோலைத் தாண்டும், சரி. ஆனா முட்டி மூட்டு ஆழத்துல இருக்கு, அங்க எவ்வளவு சேரும்னு அடிச்சுச் சொல்ல முடியாது. வெறும் அல்ட்ராசவுண்டுக்கும் மருந்தோட கொடுக்கறதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லைன்னு சொல்ற ஆய்வுகளும் இருக்கு. டைக்ளோஃபெனாக்ங்கிற வலி மருந்து ஜெல்லை வீட்டிலேயே தடவறது இதைவிட நல்லா ஆராயப்பட்ட வழி. ரத்தத்துல கலக்கறதும் மாத்திரையைவிட ரொம்பக் குறைவு. டாக்டரைக் கேட்டுட்டு ஆரம்பிங்க.

சர்க்கரைன்னு போகிற போக்குல சொல்லிட்டீங்க, எனக்கு அதுதான் முதல் கேள்வி. சர்க்கரையால தோல் மரத்துப் போயிருக்கலாம், உணர்ச்சி சரியா இருக்கான்னு பார்க்காம கரண்ட் வைக்கவே கூடாது. பேஸ்மேக்கர், அந்த இடத்துல உலோகம், புண் இருந்தாலும் வேண்டாம்.

பழைய முட்டி:
என் கதை: குறுகுறுன்னு இருக்கும்னு சொன்னாங்க. எரிஞ்சுது. சிகிச்சைன்னா அப்படித்தான் இருக்கும்னு பல்லைக் கடிச்சுட்டு இருந்துட்டேன். பேடை எடுத்தா, நெகட்டிவ் பக்கம் காசு அளவுக்குச் சிவந்து கொப்புளம். எரிஞ்சா உடனே வாயைத் திறக்கச் சொல்லுங்க அம்மாவை.

முட்டி வைத்தியன்:
ஆமா. நெகட்டிவ் பேட் அடியில காரம் (அமிலத்துக்கு எதிரானது, alkali) சேரும், அதுதான் தோலைச் சுடுது.

மாடிப்படி எதிரி:
இன்னைக்குப் போய்க் கேட்டேன். அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லி, சுடுதண்ணி ஊத்தின சோதனைக் குழாயையும் பச்சைத்தண்ணி ஊத்தினதையும் மாத்தி மாத்தி முட்டியில வெச்சார். இடது முட்டியில ரெண்டையும் "ஜில்லுனு இருக்கு"ன்னாங்க. கரண்ட் வேண்டாம்னு அவரே பேடை எடுத்து உள்ளே வெச்சுட்டார். இப்போ முட்டிக்கு அடியில துண்டைச் சுருட்டி வெச்சு அழுத்தற பயிற்சி. ஒவ்வொரு தடவையும் 5 எண்ணணும். அம்மா 3 எண்ணிட்டு 5ன்னு சொல்றாங்க, கவனிச்சுட்டுதான் இருக்கேன்.