பொருள்: லீன் மிக்ஸ்சருக்கு ‘மெலிந்த கலவை’ வேண்டாம், ‘காற்றுமிகு கலவை’ என்று வைப்போம்

வணக்கம் நண்பர்களே,

பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில் கார்களில் பெட்ரோல் செலவையும் புகையையும் குறைப்பது பற்றிய குறிப்பைத் தமிழில் எழுத உட்கார்ந்து, லீன் என்ற ஒரே சொல்லில் நான்கு நாளாக நிற்கிறோம். எஞ்சினுக்குள் போகும் கலவையில் தேவைக்கு மேல் காற்று இருந்தால் அது லீன், தேவைக்கு மேல் பெட்ரோல் இருந்தால் ரிச். வந்த பரிந்துரைகள் மூன்று: மெலிந்த கலவை, நீர்த்த கலவை, ஐதான கலவை. மூன்றையும் நான் ஏற்கவில்லை, ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

‘நீர்த்த’ என்பது நமக்குப் பள்ளியிலேயே பழகியது. அடர் அமிலம், நீர்த்த அமிலம் என்றுதான் படித்தோம். ஆனால் அங்கே உண்மையாகவே தண்ணீர் ஊற்றுகிறோம், இங்கே தண்ணீரே கிடையாது. அதுவும் ரேடியேட்டர் இல்லாத, காற்றால் மட்டுமே குளிரும் எஞ்சினைப் பற்றிய குறிப்பில் ‘நீர்’ என்ற சொல் வந்தால் படிப்பவர் குழம்புவார். யாழ்ப்பாணத்து அண்ணன் சொன்ன ‘ஐதான’ அழகான சொல், இலங்கைப் பாடநூல்களில் ஐதான அமிலம் என்றே வருகிறது. ஆனால் இந்தப் பக்கம் எந்தப் பட்டறையிலும் அது காதில் விழுந்ததில்லை, முதல்முறை கேட்பவருக்கு எது குறைவு எது கூடுதல் என்று தெரியாது. அண்ணன் வருத்தப்படக் கூடாது.

என் முக்கியமான சண்டை ‘மெலிந்த’ என்ற சொல்லோடுதான். மெலிந்தது என்றால் சிக்கனம், அளவாகச் சாப்பிடுவது, நல்ல பழக்கம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. ஜெர்மானியர்களும் உடம்பை வைத்துத்தான் சொல்கிறார்கள், இதற்கு ‘மாகர்’, எதிர்ப்பக்கத்துக்கு ‘ஃபெட்’, அதாவது ஒல்லியும் கொழுப்பும். அவர்களுக்கு அது பழகிப்போன சொல். நாம் இன்றைக்குப் புதிதாக வைக்கிறோம், தப்பான எண்ணத்தைக் கொடுக்கும் சொல்லை ஏன் வைக்க வேண்டும்?

எனக்கே நடந்ததைச் சொல்கிறேன். மைலேஜ் கிடைக்கும் என்று நம்பி என் 1600 சிசி பீட்டிலின் கார்பரேட்டரில் இருந்த 127.5 எண் மெயின் ஜெட்டை, அதாவது பெட்ரோல் வரும் துளைத் திருகை, எடுத்துவிட்டு அதைவிடச் சிறிய துளையுள்ள 120 போட்டுக்கொடுத்தார் ஒரு மெக்கானிக். ‘கலவையைக் கொஞ்சம் மெலிசாக்கிட்டேன் சார், இனிமே பெட்ரோல் குடிக்காது’ என்றார், நானும் சந்தோஷமாகத் தலையாட்டினேன். மூன்று மாதம் கழித்து ஒரு மலையேற்றத்தில் சக்தி போய்விட்டது. பிரித்துப் பார்த்தால் மூன்றாம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு கருகி ஓரம் தின்றுபோயிருந்தது. சேமித்த பெட்ரோல் காசைப்போலப் பல மடங்கு ஹெட் வேலைக்குப் போனது. ‘காற்று அதிகமாகிவிட்டது சார்’ என்று அன்றைக்கு அவர் சொல்லியிருந்தால் நான் ஒரு கேள்வியாவது கேட்டிருப்பேன்.

காரணம் இதுதான். முழு மிதியில், அதாவது ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தி ஓடும்போது, இந்த எஞ்சினுக்குத் தேவைக்குக் கூடுதலாகவே பெட்ரோல் கொடுத்திருப்பார்கள். அந்தக் கூடுதல் பெட்ரோல் ஆவியாகும்போது வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது, தண்ணீர் இல்லாத எஞ்சினுக்கு அது ஒரு குளிர்விப்பு மாதிரி. ஜெட்டைச் சிறிதாக்கினால் அந்தக் காப்பு போய்விடுகிறது. இன்னும் காற்று கூடினால் கலவை மெதுவாக எரிகிறது, வால்வு திறக்கும்போதும் தீ முழுவதுமாக அடங்கியிருக்காது. மூன்றாம் சிலிண்டர்தான் முதலில் அடிபடும், ஏனென்றால் பழைய அமைப்பில் ஆயில் கூலர் விசிறிக் கூட்டுக்குள் அதற்கு மேலே நின்று காற்றை மறைத்தது. 1971 மாடலில் அதைத் தனிக் கூட்டுக்கு மாற்றினார்கள்.

அதனால் என் பரிந்துரை: லீன் என்பது காற்றுமிகு கலவை. எது கூடுதல் என்று சொல்லிலேயே இருக்கிறது, விளக்கம் தேவையில்லை. ரிச் என்பதற்குச் செறிகலவை போதும். செறிவு இரண்டு கரையிலும் பழகிய சொல், தவறான பொருளும் தராது. இரண்டும் ஒரே வேரிலிருந்து வரவில்லையே என்று பேராசிரியர் ஐயா கேட்பார். வரவேண்டிய கட்டாயம் இல்லை என்பது என் எண்ணம். ஜோடி பொருந்துவதைவிடத் திருப்புளி பிடித்திருப்பவருக்குச் சரியான பொருள் போய்ச் சேருவது பெரிது.

அப்புறம், லாம்டா, அதாவது உள்ளே போகும் காற்று தேவையான காற்றைப்போல எத்தனை மடங்கு என்று சொல்லும் எண். இதற்கும் ஒரு சொல் இப்போதே வைத்துவிடலாம், காற்றெண் என்று. முழுதும் எரியத் தேவையான காற்று சரியாக இருந்தால் காற்றெண் 1. சுத்தமான பெட்ரோலுக்கு அது எடையில் 14.7 பங்கு காற்று, அதாவது 1 லிட்டர் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று. 14.7 என்றே எழுதிவிடலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். கூடாது. எத்தனாலுக்குத் தேவை 9 பங்குதான். இப்போது நம் பெட்ரோல் பங்க்குகளில் வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு 13.5 பக்கம் வரும். ஜெட்டைத் தொடாமலேயே உங்கள் வண்டி காற்றுமிகு பக்கம் நகர்ந்துவிடும், இது பழைய வண்டிக்காரர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். எரிபொருள் மாறினால் 14.7 பொய்யாகிறது, காற்றெண் 1 மாறுவதில்லை.

இந்த எண் இருந்தால் குறிப்பும் சுருக்கமாகிவிடும். சமவெளியில் லேசான மிதிக்குக் காற்றெண் 1.05 பரவாயில்லை, மேட்டில் முழு மிதிக்கு 0.88 பக்கம் இருக்க வேண்டும். புகையையும் இதே எண்ணால் சொல்லலாம்: 1-க்குக் கீழே போனால் கார்பன் மோனாக்சைடு ஏறும், 1-ஐச் சற்றுத் தாண்டினால் நைட்ரஜன் ஆக்சைடுகள் உச்சத்துக்குப் போகும், இன்னும் தாண்டினால் தீப்பற்றாமல் பெட்ரோல் அப்படியே வெளியே வரும். மெக்சிகோவின் புவெப்லாவில் 2003 வரை செய்த பீட்டில்களில் 1993 மாடல் முதல் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனும் ஆக்சிஜன் சென்சாரும் வைத்து, காற்றெண்ணை 1 பக்கத்திலேயே பிடித்து வைத்தார்கள். புகையைச் சுத்தம் செய்யும் வினையூக்கி மாற்றி (கேட்டலிட்டிக் கன்வர்ட்டர்) வேலை செய்ய அது கட்டாயம். அதே காற்றுக்குளிர் எஞ்சின்தான்.

குறிப்பில் இன்னொன்றும் சேர்க்க வேண்டும். மைலேஜ் வேண்டுமென்றால் ஜெட்டைத் தொடுவதற்கு முன் விசிறிக் கூட்டுக்குள், எஞ்சின் சூடேறும்வரை குளிர்காற்றை மறைக்கும் தெர்மோஸ்டாட்டும் மடல்களும் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். ‘நம்ம ஊர் வெயிலுக்கு எதுக்கு’ என்று பலர் கழற்றி எறிந்திருப்பார்கள். அவை இல்லாவிட்டால் காலையில் எஞ்சின் சூடேற வெகுநேரம் ஆகும், அதுவரை செறிகலவை எரிந்துகொண்டே இருக்கும். வெற்றிட அட்வான்ஸ் (லேசான மிதியில் தீப்பொறியை முன்கூட்டியே விடும் அமைப்பு) இல்லாத 009 வகை டிஸ்ட்ரிப்யூட்டர் மாட்டியிருந்தால் அதையும் மாற்ற வேண்டும், லேசான மிதியில் பெட்ரோல் வீணாவது அங்கேதான்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் யாரும் மறுக்காவிட்டால் காற்றுமிகு கலவை, செறிகலவை, காற்றெண் மூன்றையும் குறிப்பில் போட்டுவிடுகிறேன். கார்பரேட்டரின் ‘சோக்’ அப்படியே இருக்கட்டும், வேலை வேறானாலும் அந்தப் பெயர் டியூப் லைட்டிலிருந்தே எல்லோருக்கும் தெரியும்.